நவம்பருக்குள் முடிக்க வேண்டியிருந்த சிகிச்சை: சலீனாஸ் பள்ளத்தாக்கில் ஒரு தம்பதி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் கணவனும் மனைவியும் நிஜத்தில் உள்ள ஒரு குடும்பம் அல்ல. அமெரிக்காவில் குறைந்த வருமானத்தில் வாழும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) தம்பதிகளைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைக் கோத்து, சமூகப்பணி மாணவர்களோடு பேசுவதற்காக நான் அமைத்த நிகழ்வு இது. வயது, மதிப்பெண், வீட்டுக் கணக்கு எல்லாம் அந்த அமைப்பைச் சேர்ந்தவை. ஊர், பயிர்க் காலம், சட்டம், அளவுகோல், இடையில் குறிப்பிடும் ஆய்வுகள் ஆகியவை உண்மை. இருவருக்கும் பெயர் வைக்கவில்லை. கணவர், மனைவி என்றே போதும்.

ஊரும் வேலையும்

கலிஃபோர்னியாவின் மான்டரே கவுன்ட்டியில் இருக்கிறது சலீனாஸ். 'உலகத்தின் சாலட் கிண்ணம்' என்று ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை சாலட்டில் போடும் லெட்டூஸ் கீரையின் அறுவடை இங்கே நடக்கும். குளிர் தொடங்கியதும் அது 800 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிற, மெக்சிகோ எல்லையை ஒட்டிய அரிசோனாவின் யூமாவுக்கு மாறிவிடும். கீரையைக் கழுவிப் பொட்டலம் போடும் இயந்திரங்களைக்கூடக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வெட்டும் ஆட்களும் பின்னாலேயே போய்விட்டு மார்ச் கடைசியில் திரும்புவார்கள்.

இந்தக் காலண்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிகழ்வில் நோய், சண்டை, சிகிச்சை மூன்றும் இதன்படிதான் நகர்கின்றன.

கணவருக்கு 36 வயது, மனைவிக்கு 33. இருவரும் மெக்சிகோவின் குவானஹுவாத்தோ மாநிலத்தில் அடுத்தடுத்த கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவுக்கு வந்து 14 வருடம் ஆகிறது, இருவரிடமும் குடியேற்ற ஆவணம் இல்லை. அமெரிக்கப் பயிர்த் தொழிலாளர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். கணவர் லெட்டூஸ் வெட்டும் அணியில் இருக்கிறார். கூலி பெட்டிக் கணக்கில் வரும், அதை அணிக்குள் பிரித்துக்கொள்வார்கள். மனைவி ஸ்ட்ராபெர்ரி பறித்துக்கொண்டிருந்தார், மூன்றாவது கர்ப்பத்தோடு அது நின்றது. 11 வயதில் மகள், 7 வயதில் மகன், எட்டு மாதக் கைக்குழந்தை. இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில் ஓர் அறை இவர்கள் ஐவருக்கு, இன்னொன்று கணவருடைய தம்பி குடும்பத்துக்கு. முன்கூடத்தில் திரை கட்டி ஒரு வாடகைக்காரர். சலீனாஸ் வாடகையில் இது விதிவிலக்கான ஏற்பாடெல்லாம் இல்லை.

மருத்துவமனைக்கு வந்த காரணம்

2024 ஆகஸ்ட். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட மனைவி சமூக மருத்துவமனைக்கு வருகிறார். குழந்தை மருத்துவருக்கு ஸ்பானிஷ் அரைகுறை. பக்கத்தில் நின்ற 11 வயது மகள் மொழிபெயர்க்கிறாள்: அம்மாவுக்குத் தலைவலி, தூக்கம் வரவில்லை, 'நெர்வியோஸ்' இருக்கிறது.

நெர்வியோஸ் என்றால் சொல்லுக்குச் சொல் 'நரம்புகள்'. லத்தீன் அமெரிக்காவில் பதற்றம், அழுகை, படபடப்பு, உடம்பு வலி, குடும்பத்தில் நடந்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் சொல் அது. மனச்சோர்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இதைச் சொல்வார்கள். கேட்பவருக்குக் காது இருந்தால் அதுவே போதும்.

அன்று ஒரு செவிலியருக்குக் காது இருந்தது. மகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, மருத்துவமனையின் ப்ரொமோத்தோராவைக் கூப்பிட்டார். ப்ரொமோத்தோரா என்பவர் அதே சமூகத்திலிருந்து பயிற்சி பெற்று வரும் சுகாதாரப் பணியாளர், பல சமயம் அவரும் முன்பு வயலில் வேலை செய்தவராக இருப்பார். மகள் இருந்தபோது தலைவலியாக இருந்தது, மகள் போனதும் வேறாக வந்தது. காலையில் எழாமலே போனால் நல்லது என்று சில நாள் தோன்றுகிறதாம். பால் கொடுக்கும்போது குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லையாம். 'நோ மே ஹாயோ' என்றார். நேராகச் சொன்னால் 'என்னை நான் கண்டுபிடிக்க முடியவில்லை'. இந்த இடத்தில் எனக்கு ஒட்டவில்லை, இங்கே நான் நானாக இல்லை என்று அர்த்தம்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறோம். எல்லா மருத்துவமனையிலும் நடக்கிறது. அந்தப் பிள்ளை பிழையாக மொழிபெயர்க்கும் என்பதுகூடச் சின்ன விஷயம். தாய் பிள்ளைக்காகத் தன்னையே தணிக்கை செய்துகொண்டுதான் பேசுவார்.

அளந்து பார்த்தது

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலில் மனைவிக்கு 17. மொத்தம் 27, பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும், 15லிருந்து ஓரளவு கடுமை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு 'சில நாட்கள்' என்று பதில். தனியாக உட்கார்ந்து விவரம் கேட்டதில் திட்டம் ஏதும் இல்லை, முன்பு முயன்றதும் இல்லை. குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லை. கணவர் அடிப்பாரா, மிரட்டுவாரா, பணத்தைப் பிடித்து வைப்பாரா என்றும் தனியாகவே கேட்டார்கள். இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் தம்பதியைச் சேர்த்து உட்கார வைப்பது ஆபத்து. அடி இருக்கும் வீட்டில் 'மனம்விட்டுப் பேசுங்கள்' என்று சொல்லி அனுப்பினால், பேசியதற்கு அன்றிரவு தண்டனை கிடைக்கும்.

கணவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்கான வருகையில் அப்பாவைக் கேட்கும் படிவமே இல்லை. ஆறு வாரம் கழித்து முதுகுவலிக்காக அவரே வந்தபோது அதே ஒன்பது கேள்வியைக் கொடுத்தார்கள்: 11. வருத்தமாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பூஜ்யம் போட்டிருந்தார். களைப்பு, தூக்கம், பசி, எதிலும் மனம் ஒட்டாமை, இதில்தான் அந்த 11ம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பியர் ஆறிலிருந்து பத்து பன்னிரண்டாகியிருந்தது. எரிச்சல் அதிகம், குறிப்பாக ஏழு வயது மகனிடம்.

வீட்டுக்குள் நடந்தது

கைக்குழந்தை பிறந்தது 2023 டிசம்பரில். கணவர் அப்போது யூமாவில். செய்தி கேட்டு இரண்டு நாள் வந்துவிட்டுத் திரும்பினார், மூன்றாம் நாள் போனால் அணியில் இடம் போயிருக்கும். ஆபரேஷன் செய்து பெற்ற உடம்போடு மனைவி தனியாகச் சமாளித்தார். தனியாக என்றா சொல்வது, வீடு நிறைய ஆட்கள். அதே வீட்டில் கணவருடைய தம்பி மனைவி இருந்தார். ஸ்பானிஷில் அந்த உறவுக்குத் தனிச் சொல் உண்டு: கோன்குன்யா. ஆங்கிலத்தில் கிடையாது. தமிழில் ஓரகத்தி. சொல் இருக்கும் மொழிக்காரர்களுக்கு அந்த உறவின் அழுத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஓரகத்தி சமைத்துக் கொடுத்தார். எத்தனை நாள் சமைத்தோம் என்று குவானஹுவாத்தோவில் இருக்கும் மாமியாரிடம் தொலைபேசியில் கணக்கும் சொன்னார்.

மாதம் 400 டாலர் கணவரின் பெற்றோருக்குப் போகிறது. அந்த டிசம்பரிலும் போனது, மாமியார் வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் போட. மனைவியின் மனதில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டன: நான் தையலோடு படுத்திருந்தபோது அங்கே கூரை போட்டார்கள். இதை எட்டு மாதமாக அவர் கணவரிடம் சொல்லவில்லை. தன் அம்மாவிடம் சொன்னார். அம்மா சொன்ன பதில் ஒரே வார்த்தை, 'அகுவாந்தா'. பொறுத்துக்கோ, தாங்கிக்கோ. மெக்சிகோ பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்துவரும் அறிவுரை.

கணவரின் பக்கம் வேறு கணக்கு ஓடியது. அவர் மூத்த மகன். 14 வருடமாகப் பெற்றோரை நேரில் பார்க்கவில்லை, எல்லை தாண்டினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அனுப்பும் பணம்தான் அவர் அங்கே இருப்பதற்கு ஒரே அடையாளம். பிள்ளை பிறந்தபோது கூட இருக்க முடியாத அவமானத்தை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சி, சாப்பாடு, தூக்கம். அந்த மௌனத்தை மனைவி 'என்மேல் அக்கறை இல்லை' என்று படித்தார். மனைவியின் முகத்தை அவர் 'நீ சம்பாதித்தது போதவில்லை' என்று படித்தார்.

இருவரும் பேசாமல் இல்லை. டயப்பர், வாடகை, ரைத்தேரோ எத்தனை மணிக்கு வருவார் என்றெல்லாம் நாள் முழுக்கப் பேசினார்கள். ரைத்தேரோ என்பவர் கூலிக்கு வண்டியில் தொழிலாளர்களை வயலுக்குக் கூட்டிப்போகிறவர். சண்டை மாதம் ஒருமுறைதான், பணம் அனுப்பும் வாரத்தில்.

எப்படிப் புரிந்துகொள்வது

லத்தீனோக்களைப் பற்றி எழுதுபவர்கள் உடனே எடுக்கும் சொல் 'ஃபமிலிஸ்மோ'. தனிமனிதருக்கு முன் குடும்பம் என்ற மதிப்பு. இது மனச்சோர்விலிருந்து காக்கிறது என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பல சமயம் 1998இல் வெளியான ஃபிரெஸ்னோ கவுன்ட்டி ஆய்வு. வில்லியம் வேகா குழுவினர் மெக்சிகோ வம்சாவளியினர் 3,000 பேரைப் பேட்டி கண்டார்கள். வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது மெக்சிகோவில் பிறந்தவர்களில் கிட்டத்தட்ட 25 சதவீதம், அமெரிக்காவில் பிறந்தவர்களில் 48 சதவீதம். ஏழையாக வந்தவர் நலமாக இருக்கிறார், இங்கேயே பிறந்தவர் இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: குடியேறியவர்களிலும் 13 வருடத்துக்கு மேல் இருந்தவர்களிடம் விகிதம் ஏறியிருந்தது. நம் தம்பதி வந்து 14 வருடம் ஆகிறது. தனி ஆளைச் சராசரிக்குள் திணிக்கக் கூடாது, ஆனாலும் கொண்டுவந்த காப்பு தேய்ந்துகொண்டு வரும் என்ற எண்ணத்தோடு கேட்பது நல்லது.

என் கருத்தில் ஃபமிலிஸ்மோ காப்பா சுமையா என்று கேட்பதே தப்பான கேள்வி. அந்தப் பாசத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்த வீட்டில் கணவர் பணமாகக் கட்டினார், மனைவி தனிமையாகக் கட்டினார். கணக்கு இருவருக்கும் தெரியாமல் நடந்தது.

1980களில் அமெரிக்கப் பண்ணைகள் கடனில் மூழ்கியதைத் தொடர்ந்து, ரேண்ட் காங்கரும் கூட்டாளிகளும் அயோவா மாநிலக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து ஒரு சங்கிலியைக் காட்டினார்கள். பணமுடை நேராகப் பிள்ளைகளைத் தாக்குவதில்லை. முதலில் பெற்றோரின் மனநிலையைக் கெடுக்கிறது, அது தம்பதிக்குள் கசப்பாகிறது, கசப்பு பிள்ளை வளர்ப்பில் வழிகிறது. அயோவாக்காரர்கள் வெள்ளையர்கள். பின்னால் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் சோதித்தபோதும் சங்கிலியின் பெரும்பகுதி பொருந்தியது, கூடுதலாகப் புதிய நாட்டோடு ஒத்துப்போகும் அழுத்தமும் சேர்ந்துகொண்டது. நம் நிகழ்வில் ஏழு வயது மகன்தான் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அப்பாவின் எரிச்சல் அவன்மேல் இறங்கியது. பள்ளியில் அவன் மற்றப் பிள்ளைகளைத் தள்ளிவிட ஆரம்பித்திருந்தான்.

கணவரின் நடத்தைக்கு 'மச்சீஸ்மோ' (ஆண் என்ற முறுக்கு) என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிய மாணவர்கள் உண்டு. அது மிகச் சுலபமான தப்பு. அவரிடம் ஆண் என்ற கர்வம் இருந்ததா, கொஞ்சம் இருந்தது. ஆனால் எட்டு மணி நேரம் குனிந்து லெட்டூஸ் வெட்டிய, மனச்சோர்வுள்ள ஒருவரின் மௌனத்தைக் கலாச்சாரம் என்று பெயரிட்டால் அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போகும்.

சிகிச்சை

முதல் தடை பணம் அல்ல, பயம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கலிஃபோர்னியாவின் மெடி-கால் அரசுக் காப்பீடு 2024 ஜனவரியிலிருந்து குடியேற்ற ஆவணம் இல்லாத எல்லா வயதினருக்கும் திறந்திருந்தது. மனைவி கர்ப்பத்தின்போதே சேர்ந்துவிட்டார். கணவர் சேரவில்லை, பெயர் கொடுத்தால் குடியேற்றக் காவல்துறைக்குப் போகும் என்ற பயம். ப்ரொமோத்தோரா நான்கு முறை பேசிய பிறகு கையெழுத்துப் போட்டார். (இதே நிலையில் உள்ள பெரியவர்கள் புதிதாகச் சேர்வதை மாநிலம் 2026 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டது. இவர் கையெழுத்தைத் தள்ளிப்போட்டிருந்தால் கதவு மூடியிருக்கும்.)

இரண்டாவது தடை நேரம். ஜீன் மிராண்டா குழுவினர் வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள பகுதிகளில் குறைந்த வருமானப் பெண்கள் 267 பேரிடம் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. பாதிப் பேர் லத்தீனப் பெண்கள். மாத்திரையும் வேலை செய்தது, பேச்சுச் சிகிச்சையும் வேலை செய்தது. ஆனால் அதற்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள், வண்டிச் செலவு கொடுத்தார்கள், வராதவர்களை விடாமல் கூப்பிட்டார்கள். வழக்கமான இடத்துக்குப் போங்கள் என்று சீட்டு மட்டும் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு அமர்வுக்குக்கூடப் போகவில்லை. எனவே இங்கே அமர்வு ஞாயிறு மாலை, பக்கத்து அறையில் பிள்ளைகளுக்கு ஆள். செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுவுக்குள் எட்டு அமர்வுகள். அதற்கு மேல் கணவர் ஊரில் இருக்க மாட்டார்.

மனைவிக்குச் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை ஆகஸ்டிலேயே தொடங்கியது, 25 மில்லிகிராமிலிருந்து 50க்கு. பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுக்கும் மருந்து அது. கணவரை 'மனநல ஆலோசனைக்கு வாருங்கள்' என்று கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டார். மகனைப் பற்றிப் பேச வாருங்கள் என்றார்கள். வந்தார். இதை ஏமாற்று என்று ஒரு மாணவி சொன்னார். மகனைப் பற்றி உண்மையிலேயே பேசினார்கள், அதனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதல் மூன்று அமர்வில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆலோசகர் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று: பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்து நிமிடம் 'தெசாஹோகோ'. மூழ்கியவர் மேலே வந்து மூச்சு விடுவதைச் சொல்லும் சொல் அது, மனதில் இருப்பதைக் கொட்டுவதற்கு ஸ்பானிஷில் அன்றாடம் புழங்குவது. ஐந்து நிமிடம் ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டும், தீர்வு சொல்லக் கூடாது. திரைக்குப் பின்னால் வாடகைக்காரர் இருக்கும் வீட்டில் இதை எங்கே செய்வது? வாசலில் நிற்கும் கணவரின் பழைய பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து செய்தார்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத ஏற்பாடு.

நான்காவது அமர்வில்தான் கூரை வெளியே வந்தது. மனைவி சொன்னார், டிசம்பர், தையல், கான்கிரீட். கணவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: அந்த இரண்டு நாளும் முடிந்து யூமாவுக்குத் திரும்பிய பேருந்தில் அழுதுகொண்டே போனாராம், பக்கத்து ஆள் பார்க்காமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு. மனைவிக்கு இது தெரியாது. அந்த அமர்வில் அதற்கு மேல் எதுவும் செய்ய ஆலோசகர் முயலவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஐந்தாவதில் பணத்தைத் தாளில் எழுதினார்கள். குளிர்காலத்தில் இந்தக் குடும்பம் இரண்டு அடுப்பு எரிக்கிறது, சலீனாஸில் ஒன்று, யூமாவில் ஒன்று. வருடம் முழுக்க ஒரே 400 டாலர் அனுப்பியதில் குளிர்கால மாதங்களில் மனைவி கையில் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தாளில் பார்த்தபோதுதான் கணவருக்கே தெரிந்தது. சலீனாஸ் அறுவடை மாதங்களில் 350, யூமா மாதங்களில் 150 என்று இருவரும் முடிவுசெய்தார்கள். அம்மாவிடம் அவரே சொல்ல வேண்டும், மருமகள்மேல் பழி வரக் கூடாது என்பதும் முடிவில் சேர்ந்தது. அவர் சொன்னார். மாமியார் மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. நான்காவது வாரம் பேரப்பிள்ளைகளைக் கேட்டு அவரே கூப்பிட்டார்.

நவம்பர் இரண்டாம் வாரம் மனைவிக்கு 8, கணவருக்கு 7. சாவைப் பற்றிய கேள்விக்குப் பூஜ்யம்.

யூமா குளிர்காலம்

இங்கேயே நிறுத்தினால் வெற்றிக் கதையாகிவிடும். டிசம்பர் கடைசியில் மனைவியின் மதிப்பெண் 13. போன வருடம் இதே வாரம் என்ற நினைவும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அப்பா இல்லாததும் சேர்ந்துகொண்டன. ஆலோசகர் தொலைபேசியில் வாரம் ஒருமுறை பேசினார், மாத்திரை 75 ஆனது. பிக்கப் வண்டியின் பத்து நிமிடம் இப்போது வீடியோ அழைப்பாக இருந்தது. யூமாவில் ஒரே அறையில் ஆறு ஆண்கள் தங்கியிருந்ததால், கணவர் வெளியே குளிரில் நின்றபடி பேசினார். ஜனவரியில் இரண்டு வாரம் அதுவும் நின்றுபோனது. அந்த இரண்டு வாரமும் இருவரும் பழையபடி டயப்பரும் வாடகையும் மட்டும் பேசிக்கொண்டிருந்ததாக மனைவி சொன்னார். பிப்ரவரியில் 10க்கு இறங்கினார்.

தம்பதிகளுக்கான பயிற்சிகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெரிய சோதனையைக் காட்டுவேன். அமெரிக்க அரசு எட்டு இடங்களில் சுமார் 6,300 தம்பதிகளை வைத்து நடத்திய ஆரோக்கியமான திருமண ஆதரவுத் திட்டம் அது. பெரும்பாலோர் குறைந்த வருமானக்காரர்கள், பத்துக்கு நான்குக்கும் மேல் லத்தீனோக்கள். எல் பாஸோ, சான் அன்டோனியோ, பிராங்க்ஸ் எல்லாம் அதில் உண்டு. ஒரு தம்பதிக்குச் சராசரியாக 9,000 டாலருக்கும் மேல் செலவானது. முப்பது மாதம் கழித்துப் பார்த்ததில் உறவின் தரம் கொஞ்சம் மேம்பட்டிருந்தது, பெண்களின் சோகமும் பதற்றமும் கொஞ்சம் குறைந்திருந்தன. சேர்ந்தே இருந்தவர்களின் விகிதத்தில் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 'கொஞ்சம்' என்று கேட்டதும் மாணவர்கள் முகம் வாடும். வாடகையையும் யூமாவையும் மாற்றாமல் பேச்சை மட்டும் மாற்றினால் கொஞ்சம்தான் கிடைக்கும். 17லிருந்து 10 என்பது அந்த வீட்டில் காலையில் எழுந்திருப்பதற்கும் எழ முடியாததற்கும் உள்ள தூரம்.

மார்ச் கடைசியில் கணவர் திரும்பினார். குழந்தை இரண்டு நாள் அவரிடம் போகவில்லை. ஏப்ரலில் கடைசியாகப் பதிவான அமர்வில் இருவரும் அடுத்த நவம்பரைப் பற்றிப் பேசினார்கள். செடி வளர்க்கும் ஒரு நர்சரியில் வருடம் முழுக்க வேலை இருக்கிறது, மணிக்கூலி, வருடத்துக்கு இப்போது வருவதைவிட ஐயாயிரம் டாலர் குறையும். போனால் 150கூட அனுப்ப முடியாத மாதங்கள் வரும். மனைவி போகச் சொன்னார். கணவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இந்த முறை என்ன யோசிக்கிறார் என்பதை வண்டியில் உட்கார்ந்து மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவு இன்னும் எடுக்கவில்லை.